ஊர்வன முட்டைகளை அடைவைத்தல்: ஈரப்பதம் கெடாமல் பொரிக்கும்வரை முழுமையான வழிகாட்டி

வீட்டில் முறையாக வளர்க்கப்படும் வெளிநாட்டுப் பாம்பு, பல்லி இனங்களின் முட்டைகளைப் பொரிக்க வைப்போருக்காக இதை எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் என் வீட்டிலும், ஓசூரிலும் தருமபுரியிலும் புதிதாகத் தொடங்கிய நண்பர்களின் வீடுகளிலும் கெட்டுப்போன முட்டைகளை எண்ணிப் பார்த்தால், வெப்பம் தவறியதால் போனவை குறைவு. தண்ணீர் தவறியதால் போனவையே அதிகம். ஆகவே வெப்பத்தைத் தேவையான அளவு சொல்லிவிட்டு, ஈரத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுகளாக பால் பைத்தான் (ball python என்னும் சிறு மலைப்பாம்பு), கார்ன் ஸ்நேக் (நஞ்சில்லாத பாம்பு), பியர்டட் டிராகன் (பல்லி இனம்) ஆகிய மூன்றையும் கொள்கிறேன். மூன்றும் தோல்போன்ற மென்னோட்டு முட்டையிடுபவை. இவ்வகை முட்டை சுற்றியுள்ள ஈரத்தை ஓட்டின் வழியே உறிஞ்சிப் பெருக்கும், இழந்தால் சுருங்கும். கடினமான ஓடுள்ள முட்டைகளில் இந்தப் போக்குவரத்து மிகக் குறைவு என்பதால், கீழே சொல்லும் அளவுகளை அவற்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

1. முட்டை எந்த இனத்துடையது என்பதைத் தீர்த்துக்கொள்ளுதல்

வைக்கோற்போரைப் பிரிக்கும்போதோ கல்கட்டு வரப்பைச் சரிசெய்யும்போதோ வெள்ளை முட்டைகள் கிடைத்தால் அவை பெரும்பாலும் சாரையுடையவையாகவோ ஓணானுடையவையாகவோ இருக்கும். அவற்றை எடுத்துவந்து பொரிக்க வைக்க ஆசைப்படாதீர்கள். சாரை, உடும்பு, நட்சத்திர ஆமை, காவிரிக் கரை மணலில் முட்டையிடும் முதலை ஆகிய அனைத்தும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அவற்றின் முட்டையை எடுப்பதும் குற்றமே. இடத்தை மூடிவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்வதோடு நம் வேலை முடிகிறது.

வளர்ப்பு இனங்களிலும் பால் பைத்தான் போன்றவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ளவை. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையும் அதையொட்டி 2024இல் வந்த விதிகளையும் பின்பற்றி, இவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். தாயின் பதிவு கையில் இல்லாமல் முட்டை வரை போவது வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

அடைகாப்பானாக (முட்டைகளை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் பெட்டியாக) பயன்படுத்தத் தடித்த தெர்மோகோல் பெட்டி ஒன்று, வெப்பமூட்டும் கேபிள் அல்லது வெப்பப்பாய், வெப்பத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் நம்பகமான தெர்மோஸ்டாட், நீண்ட கம்பியுள்ள டிஜிட்டல் வெப்பமானி, ஈரப்பதமானி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாக்கள், பென்சில், ஊடகம் (முட்டைகளைப் பதித்து வைக்கும், ஈரம் தாங்கும் பொருள்), உப்புச்சத்து இல்லாத தண்ணீர். இந்தப் பட்டியலில் தராசைத்தான் பலரும் வாங்காமல் விடுகிறார்கள். இந்த வேலையில் ஈரப்பதமானியைவிட அதிகம் பயன்படுவது தராசு என்பது என் கருத்து; காரணம் எட்டாம் பகுதியில் விளங்கும்.

ஊடகமாக வெர்மிகுலைட்டோ பெர்லைட்டோ வாங்குங்கள்; இரண்டும் சூட்டில் பொரியவைத்த இலேசான கனிமத் துகள்கள். ஓசூர்ப் பகுதியில் பசுமைக்குடில் வைத்து ரோஜா பயிரிடுவோர் மிகுதி என்பதால், நாற்றங்கால் பொருள் விற்கும் கடைகளில் இரண்டும் எளிதாகக் கிடைக்கும். உரம் கலக்காதது என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தென்னை நார்த்தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் அதில் வைக்கிறார்கள். அது மக்கக்கூடிய பொருள். அடைகாப்பானின் வெப்பத்தில் அதில் பூஞ்சை விரைவாகப் பிடிக்கிறது. ஆற்று மணல் மேலே காய்ந்தும் அடியில் நனைந்தும் கிடப்பதால், முட்டையின் அடிப்பாகம் எந்த ஈரத்தில் இருக்கிறது என்று தெரிவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் ஃபுளோரைடும் மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் ஊரறிந்தது. டப்பாவிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே; உப்பு உள்ளேயே தங்கிவிடும். நீங்கள் மீண்டும் மீண்டும் ஊற்ற ஊற்ற உப்பு சேர்ந்து, ஊடகத்தில் ஈரம் இருந்தும் முட்டையால் அதை உறிஞ்ச முடியாத நிலை வரும். கொதிக்க வைத்து ஆற்றினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. கிருமி சாகும், கரைந்த உப்பு போகாது. ஆர்.ஓ. தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

3. அடைகாப்பானை ஒரு வாரம் வெறுமையாக ஓட்டுதல்

பெண் பாம்பு முட்டையிடுவதற்கு முன் ஒருமுறை சட்டை உரிக்கும். அதன்பின் கார்ன் ஸ்நேக் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்களிலும், பால் பைத்தான் ஏறத்தாழ ஒரு மாதத்திலும் முட்டையிடும். சட்டை உரித்த அன்றே அடைகாப்பானை ஓட்டத் தொடங்கினால் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தெர்மோஸ்டாட்டைத் திருகுவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பால் பைத்தானுக்கு 31 முதல் 32 டிகிரி செல்சியஸ்; கார்ன் ஸ்நேக்குக்கு 26 முதல் 28; பியர்டட் டிராகனுக்கு 28 முதல் 29. பியர்டட் டிராகன் முட்டை 32 டிகிரிக்கு மேல் நீடித்தால், மரபணுப்படி ஆணாக வேண்டியவை பெண்ணாக மாறுவது அறியப்பட்ட உண்மை. பாம்புகளில் இந்தச் சிக்கல் இல்லை என்றாலும், 34ஐத் தாண்டினால் கருவே கெடும் அல்லது முதுகு வளைந்த குஞ்சு வரும்.

பெட்டியின் அடியில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கி வையுங்கள். மின்சாரம் போகும்போது அவை சேமித்த வெப்பத்தை மெல்ல விடும். இரண்டு மூன்று மணி நேரம் வெப்பம் குறைந்தால் முட்டை பொறுத்துக்கொள்ளும். அதே அளவு நேரம் வெப்பம் கூடினால் பொறுக்காது.

அடைகாப்பான் சூடாக்கத்தான் தெரிந்தது, குளிர்விக்கத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் தருமபுரியில் காங்கிரீட் தளத்தின் கீழுள்ள அறையில் 28 டிகிரியை எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் பிடித்து வைக்க முடியாது. அந்த மாதங்களில் கார்ன் ஸ்நேக் முட்டையைத் தரைத்தளத்தில், மேற்குச் சுவர் படாத அறைக்கு மாற்றி, உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வெளிப்பெட்டிக்குள் முறைவைத்து மாற்ற வேண்டும். ஓசூரில் சிக்கல் எதிர்ப்பக்கம்: மார்கழி, தை மாதங்களில் இரவில் அறையே குளிர்ந்துவிடும் என்பதால் தடித்த பெட்டியும் போதுமான திறனுள்ள கேபிளும் வேண்டும்.

வெப்பமானியையும் நம்பிவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் முனையையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானியையும் ஒன்றாக வைத்து, 36 டிகிரி அளவில் இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று குறித்துக்கொண்டால் போதும்.

4. ஈரப்பதமானியை உப்பால் சோதித்தல்

ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத ஜிப் உறையில் போட்டு, உப்பு கருவியின் மேல் படாமல் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். நிறைவுற்ற உப்புக் கரைசலின் மேலுள்ள காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும் என்பதால், கருவி 68 காட்டினால் ஏழு குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். மலிவான கருவிகள் 90க்கு மேல் எதைக் காட்டினாலும் அதைத் துல்லியம் என்று கொள்ள வேண்டாம்.

5. ஊடகத்தை எடைபோட்டு நனைத்தல்

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். “கொஞ்சம் ஈரமாக”, “கை நனையும் அளவு” போன்ற அளவுகள் சொல்பவர் கையிலேயே நின்றுவிடும். உலர்ந்த வெர்மிகுலைட் 200 கிராம் என்றால், பால் பைத்தானுக்கு 200 கிராம் தண்ணீர். கார்ன் ஸ்நேக்குக்கும் பியர்டட் டிராகனுக்கும் 160 கிராம் அளவில் தொடங்குங்கள். கன அளவில் கணக்கிடாதீர்கள். வெர்மிகுலைட் மிக இலேசானது. ஒரு டம்ளர் ஊடகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அது சேறாகிவிடும்.

தண்ணீரை மூன்று முறையாக ஊற்றிக் கிளறி, மூடி வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பிடியை அள்ளி அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டை மாவுபோல் பிடி நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஒரு சொட்டும் வடியக் கூடாது. வடிந்தால் அதைப் பிழிந்து சரிசெய்ய முயலாமல் உலர்ந்த ஊடகத்தைக் கூட்டுங்கள், கூட்டிய எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வாறு அளந்து வைத்த ஊடகம் மூடிய டப்பாவில் தானே காற்றை ஈரமாக்கிக்கொள்ளும். வெளியே மழை பெய்கிறதே, காற்றில் ஈரம் இருக்கிறதே என்று இந்த அளவைக் குறைப்பது ஓசூர் நண்பர்கள் பலரும் செய்த பிழை. காற்று சூடாகும்போது அதன் ஈரப்பதம் வீழ்ந்துவிடும். 20 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள மழைக்காலக் காற்று, அடைகாப்பானுக்குள் 31 டிகிரிக்குச் சூடாகும்போது வேறு ஈரம் சேராவிட்டால் 50 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. அந்தக் காற்றில் கிடக்கும் பால் பைத்தான் முட்டை சில நாட்களில் வற்றிப்போகும்.

ஊடகத்தின் மீது முட்டையை நேரடியாக வைக்க அஞ்சுவோர், அடியில் நனைந்த பெர்லைட்டைப் பரப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் வலைத்தட்டைப் பொருத்தி, முட்டைகளைத் தட்டில் வைக்கலாம். இம்முறையில் ஊடகத்தில் தண்ணீர் சற்றுக் கூடினாலும் முட்டை நனையாது. ஆனால் டப்பா நன்றாக மூடியிருக்க வேண்டும். முட்டைக்குக் காற்று வழியாக மட்டுமே ஈரம் வரும் என்பதால், மூடி சற்றுத் தளர்ந்தாலும் விரைவில் வற்றும்.

6. முட்டைகளை எடுத்தல்

ஊடகம் நிறைந்த டப்பாவை முந்தைய நாளே அடைகாப்பானுக்குள் வைத்து அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். குளிர்ந்த ஊடகத்தில் வெதுவெதுப்பான முட்டையை வைத்தால் மூடியில் உடனே நீர் கோக்கும்.

முட்டைகளைக் கண்டவுடன், கையைக் கழுவிக்கொண்டு, அவை கிடக்கும் நிலையிலேயே ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் சிறு புள்ளி வையுங்கள். பேனாவும் மார்க்கரும் வேண்டாம். நாட்டுக்கோழி அடைவைத்துப் பழகிய வீடுகளில் முட்டையைத் திருப்பிவிடுவது வழக்கமாகவே இருப்பதால், இதைக் கூடுதலாக வலியுறுத்துகிறேன். ஊர்வன முட்டையில் கரு ஓரிரு நாட்களுக்குள் மேற்புற ஓட்டின் உட்பக்கத்தோடு ஒட்டி வளரத் தொடங்கும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் மஞ்சட்கருவின் எடை கருவின் மேல் அமர்ந்து அதைக் கொன்றுவிடும். தருமபுரி நண்பர் ஒருவர் வீட்டில் அவருடைய தாயார் நல்லெண்ணத்தோடு காலை மாலை இருவேளையும் முட்டைகளைத் திருப்பிவிட்டிருந்தார். பத்து நாட்களுக்குப் பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது. அன்றிலிருந்து, டப்பாவின் மேல் “திருப்பக் கூடாது” என்று எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

பாம்பு முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவியலாகிவிட்டால் பிரிக்காதீர்கள், ஓடு கிழியும். குவியலை அப்படியே வையுங்கள். பால் பைத்தான் தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், தலையை ஒரு துண்டால் மூடி, வால் பக்கத்திலிருந்து மெல்லப் பிரித்தெடுப்பது எளிது.

இருட்டறையில் செல்போன் வெளிச்சத்தை ஓட்டில் படவைத்துப் பார்த்தால், நல்ல முட்டையில் இளஞ்சிவப்பு ஒளியும் மெல்லிய இரத்த நாளங்களும் தெரியும். மெழுகுபோல் மஞ்சளாக, சிறியதாக, கடினமாக இருப்பது கூமுட்டை. ஐயம் இருந்தால் எறிய வேண்டாம், தனி டப்பாவில் வைத்துப் பாருங்கள்.

7. டப்பாவில் வைத்தல்

கட்டைவிரலால் ஊடகத்தில் சிறு பள்ளம் செய்து, முட்டையின் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி புள்ளி மேல்நோக்க வையுங்கள். முழுவதும் புதைத்தால் காற்றோட்டம் குறையும், நிறமாற்றமும் கண்ணில் படாது. தனி முட்டைகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஒன்று கெட்டால் அதன் பூஞ்சை அடுத்ததைத் தொடக் கூடாது.

மூடியில் ஓட்டை போட வேண்டாம். வாரம் ஒருமுறை திறந்து மூடினால் அதுவே முதல் மாதத்துக்குப் போதுமான காற்று. டப்பாவை மூடியதும் முட்டை, ஊடகம், மூடி உட்பட மொத்தமாக எடைபோட்டு, எடையையும் தேதியையும் மூடியின்மேல் ஒட்டிய தாளில் எழுதுங்கள்.

8. மூடியில் கோக்கும் நீரும் வாராந்தர எடையும்

முதல் வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான்: “அண்ணா, மூடியெல்லாம் வேர்த்திருக்கு, ஈரம் ஜாஸ்தியாயிடுச்சா?” டப்பாவின் ஓரச் சுவரில் மெல்லிய பனிப்படலம் இருந்தால் நல்ல அறிகுறி. மூடியில் முத்துமுத்தாகக் கோத்து முட்டையின்மேல் சொட்டினால்தான் கெடுதல். சொட்டும் நீர் ஓட்டின் நுண்துளைகளை அடைத்து, அந்த இடத்தில் கருவுக்குக் காற்றைத் தடுக்கிறது. நாளடைவில் அங்கே ஓடு கண்ணாடிபோல் கசிந்து மஞ்சளாகும்.

இதற்குக் காரணம் தண்ணீரின் அளவாக இருப்பது அரிது. உள்ளிருக்கும் காற்றைவிட மூடி குளிர்ந்திருப்பதே காரணம். வெப்பப்பாயின் மேல் டப்பாவை நேராக உட்கார வைத்தால் அடி சூடாகவும் மூடி குளிர்ச்சியாகவும் இருந்து, அடியில் ஆவியான நீரெல்லாம் மேலே கோத்துச் சொட்டும். டப்பாவைச் செங்கல்லின்மேல் உயர்த்தி, கேபிளைப் பெட்டியின் உட்சுவர்களின் வழியே ஓட்டி, முடிந்தால் சிறு கணினி விசிறி ஒன்றை உள்ளே சுழலவிடுங்கள். இதோடு டப்பாவின் ஒரு பக்கத்தடியில் பென்சில் பருமனுக்கு முட்டுக் கொடுத்து மூடியைச் சாய்த்தால், கோத்த நீர் ஓரமாக வழிந்து ஊடகத்துக்கே திரும்பும். ஊடகத்தைக் காயவைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

தண்ணீர் குறைந்ததா என்பதைத் தராசு சொல்லும். முட்டை ஊடகத்திலிருந்து உறிஞ்சிக்கொண்ட நீர் டப்பாவுக்குள்ளேயேதான் இருக்கிறது, ஆகவே மொத்த எடை மாறாது. மொத்த எடை குறைந்தால் அந்த அளவு நீர் வெளியேறிவிட்டது என்று பொருள். வாரம் ஒருமுறை அதே தராசில் வையுங்கள். 1,140 கிராம் இருந்தது 1,134 ஆகியிருந்தால், ஆறு கிராம் தண்ணீரை அடைகாப்பானின் வெப்பத்திலேயே வைத்திருந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஓரங்களில் விடுங்கள். முட்டையின் மேலோ முட்டை அமர்ந்த பள்ளத்திலோ படக் கூடாது. ஒரே வாரத்தில் இருபது முப்பது கிராம் போயிருந்தால், தண்ணீரை நிரப்புவதற்கு முன் மூடி எங்கே பொருந்தவில்லை என்று தேடுங்கள்.

தெளிப்பானை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். என் முதல் கார்ன் ஸ்நேக் முட்டைகளுக்கு நானே மே மாத வெயிலைக் கண்டு பயந்து தினமும் தெளித்தேன். மூன்றாம் வாரத்தில் அவை பளபளவென்று உப்பி நின்றதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஐந்தாம் வாரத்தில் ஓடு விரிந்து ஓரத்தில் கசியத் தொடங்கின. அளவுக்கு மேல் உறிஞ்சிய முட்டைதான் அப்படி உப்பும்.

9. குழிவும் பூஞ்சையும்

குழிவு எப்போது தோன்றியது என்பதே கேள்வி. முதல் நாற்பது நாட்களுக்குள் பல முட்டைகள் ஒன்றாகக் கன்னம் ஒட்டியதுபோல் குழிந்தால், ஈரம் போதவில்லை. எடையைப் பார்த்துக் குறைந்த நீரைக் கொடுங்கள். இரண்டு மூன்று நாட்களில் மீண்டும் நிரம்பினால் பிழைத்துக்கொண்டது. எடை குறையாமல் ஒரே ஒரு முட்டை மட்டும் குழிந்து நிறமும் மாறினால், அது பெரும்பாலும் இறந்த கரு.

பூஞ்சை உயிருள்ள முட்டையில் அரிதாகவே நிலைக்கும். சிறு புள்ளியாக இருந்தால் உலர்ந்த பஞ்சால் துடைத்து, மூடியை ஒரு நிமிடம் திறந்து வைத்துப் பாருங்கள். மஞ்சள்தூள் தூவுவது, கிருமிநாசினி பூசுவது இரண்டையும் தவிர்க்கிறேன். எதை எவ்வளவு பூசினாலும் ஓட்டின் துளைகள் அடைபடும். நாறத் தொடங்கிய தனி முட்டையை எடுத்துவிடுங்கள். குவியலில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல், அதைச் சுற்றி உலர்ந்த வெர்மிகுலைட்டைத் தூவிவிடுங்கள்.

10. கடைசிப் பத்து நாட்கள்

பால் பைத்தான் 55 முதல் 60 நாட்கள், கார்ன் ஸ்நேக் 55 முதல் 65, பியர்டட் டிராகன் 60 முதல் 70 நாட்கள் எடுக்கும். முடிவு நெருங்கும்போது குஞ்சு பெருத்து, முட்டைக்குள் இருந்த நீர் குறைந்து, மேற்புறம் மெல்லக் குழியும். இந்தக் குழிவைக் கண்டு பதறித் தண்ணீர் ஊற்றுவது மிகப் பரவலான தவறு. இவ்வளவு நாள் காத்ததைக் கடைசி வாரத்தில் மூழ்கடிப்பது போலாகும். இந்நாட்களில் நீர் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, காற்றுக்காக இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள். வளர்ந்த குஞ்சுக்கு முன்னைவிட அதிகமாகக் காற்று தேவை.

11. ஓடு கீறுதலும் வெளிவருதலும்

குஞ்சின் மேலுதட்டு முனையில் உள்ள சிறு பல் ஓட்டைப் பிளேடால் கீறியதுபோல் இரண்டு மூன்று இடங்களில் கிழிக்கும். கீறலில் குமிழியோடு தெளிந்த நீர் வழியும், பிறகு மூக்கின் நுனி மட்டும் வெளியே தெரியும். அந்த நிலையில் ஒரு நாள், சில வேளை இரண்டு நாட்கள் அப்படியே கிடக்கும். உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சட்கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. பிடித்து இழுத்தால் மஞ்சட்கருப் பை கிழிந்து குஞ்சு சாகும்.

உடன் இருந்தவை கீறி இரண்டு நாட்களாகியும் ஒன்று அசையாமல் நிறைவாக இருந்தால், சிறு கத்தரியால் மேற்புறத்தில் அரை அங்குலத்துக்கு ஓட்டை மட்டும் கிள்ளி வெட்டலாம். இரத்தம் கண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வெட்டிய முட்டை விரைவில் உலரும் என்பதால் மூடியை உடனே சாத்துங்கள்.

வெளிவந்த பாம்புக் குஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டு விரித்த தனி டப்பாவுக்கு மாற்றி, முதல் சட்டை உரிக்கும்வரை ஈரத்தில் வையுங்கள்; பெரும்பாலும் ஒன்றரை வாரத்துக்குள் உரித்துவிடும். அதற்குமுன் உணவு கொடுக்க அவசரம் வேண்டாம். தொப்புளில் மஞ்சட்கரு ஒட்டியிருந்தால் காகிதம் அதில் ஒட்டிக் காயாதபடி நாளுக்கு இருமுறை பார்த்து நனைக்க வேண்டும். ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் சோப்பால் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி குஞ்சிடமும் இருக்கலாம்.

பொரிக்காமல் மிஞ்சிய முட்டைகளைக் கடைசிக் குஞ்சு வந்து ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்து, கரு எந்த அளவு வளர்ந்து நின்றது என்பதை மூடியில் ஒட்டிய எடைத்தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கரு நின்ற வாரத்தையும் எடை மாறிய வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த முறை தண்ணீரைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.